உன் மொழியில் நான் சேர்த்த நான்கு வரிகள்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கல்லூரியிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் நின்றே படித்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று உன்னை ஆராய்ச்சிக்கு அழைத்திருப்பதையும், மாதக் கடைசிக்குள் அவர்களுக்குப் பதில் போட வேண்டும் என்பதையும், வர இயலாது என்று எழுதிவிடப் போவதையும் மூன்றே வரிகளில் சொல்லியிருந்தாய். நான்காவது வரி இப்படி இருந்தது: 'பள்ளிபாளையத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். காரணமே தெரியாத ஒரு தப்பைச் செய்தவன் புதிதாக ஒரு கணிப்பொறி மொழியை உருவாக்கப் போகக் கூடாது.' அதற்கப்புறம் அப்பாவின் முழங்கால் வலியைப் பற்றியும் அங்கே பெய்யும் மழையைப் பற்றியும் எழுதியிருந்தாய். உன் அப்பா படித்துவிட்டு, பேங்க் வேலையே போதும், நல்ல முடிவுதான் என்றார். நான் எதுவும் சொல்லாமல் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். எதுவும் சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு சுலபமாக வரும் என்று உனக்குத் தெரியும்.

அந்தத் தப்புக்குக் காரணம் உண்டு. மூன்று வருடமாக அது எனக்குத் தெரியும். இதைச் சொல்வதற்குத்தான் எழுதுகிறேன். பழி உன்மேல் விழுந்தபோது சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அதனால் உன் கண்ணுக்கு மட்டும் என்று இதை எழுத எனக்கு உரிமையில்லை. யார் கையில் கிடைத்தாலும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன். உனக்கு நன்றாகத் தெரிந்த சங்கதிகளையும் நடுநடுவே விளக்கிக்கொண்டு போவேன். வகுப்பெடுத்துப் பழகியவள், பொறுத்துக்கொள்.

எங்கே தொடங்குவது என்று யோசித்தால், நீ ஒன்றாம் வகுப்பு முடித்த கோடைதான் முன்னால் வருகிறது. எழுபதுகளின் தொடக்கம். அஸ்தம்பட்டி வீட்டின் முன்னறையில், ஜன்னலுக்கு அப்பால் ஏற்காட்டு மலை வெயிலில் கரைந்து நீலப் புகையாகத் தெரியும் மதியங்களில், புளியங்கொட்டைகளைத் தரையில் வைத்து உனக்குக் கூட்டல் சொல்லித் தந்தேன். பாதித் தூக்கத்தில் சொல்லித் தந்தேன் என்றும் சொல்லலாம். மின்விசிறியின் சத்தத்தில் எண்களே தூங்கி வழிவது போலிருக்கும். ஒரு நாள் மூன்று புளியங்கொட்டைகளுக்குப் பக்கத்தில் அப்பா சட்டையிலிருந்து விழுந்த இரண்டு பொத்தான்களை வைத்துவிட்டு, இது எத்தனை என்றாய். ஒரே இனத்தைத்தான் கூட்ட முடியும் என்றேன். நீ குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். "பக்கத்துல பக்கத்துலதானம்மா வச்சிருக்கேன். அப்பறம் கூட்டலைன்னா இது என்ன?" என்று கேட்டாய். பாடத்தில் அதெல்லாம் இல்லை என்று சொல்லிக் கொட்டைகளை அள்ளிவிட்டேன். அதுதான் நீ என்னிடம் கேட்ட முதல் நல்ல கேள்வி. அதற்கு நான் தந்தது ஒரு மோசமான ஆசிரியையின் பதில்.

பிறகு பல வருடங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. நீ பொறியியல் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது எங்கள் கல்லூரிக்குக் கணிப்பொறி வந்தது. கணிதத் துறையில் மற்றவர்கள் அதைத் தொடப் பயந்ததால் அந்த அறையின் சாவி என்னிடம் வந்துசேர்ந்தது. முதல் நாள் பூஜை போட்டு, பிரின்டருக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்கள். எனக்குச் சாமியும் சந்தேகம், இயந்திரமும் சந்தேகம். ஆனால் அந்த அறை பிடித்திருந்தது. சேலத்து வெயிலிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால் குளிர்ந்த தரை பாதத்தில் படும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஒன்று மூச்சுவிடுவது போல விட்டுவிட்டு மின்னும். மாணவிகள் போன பிறகு அங்கே தனியாக உட்கார்ந்திருப்பேன். தண்ணீருக்கடியில் இருப்பது போலிருக்கும்.

விடுமுறைக்கு வந்த நீ ஒரு கட்டு ஜெராக்ஸ் தாள்களோடு அந்த அறைக்குள் வந்தாய். சார்புகளை மட்டுமே கொண்டு எழுதப்படும் ஒரு வகை மொழியைப் பற்றிய கட்டுரைகள் அவை. எனக்கு அதுவரை தெரிந்த கணிப்பொறி மொழிகளில் எல்லாம் கட்டளைகள்தான். ஒரு பெட்டியில் எண்ணைப் போடு, அதை எடுத்துவிட்டு வேறு எண்ணைப் போடு என்று இயந்திரத்தை வேலை ஏவிக்கொண்டே இருக்க வேண்டும். நீ கொண்டுவந்ததில் பெட்டியும் இல்லை, ஏவலும் இல்லை. கணிதத்தில் நாம் எழுதுவது போல, ஒரு சார்புக்கு இன்னதைக் கொடுத்தால் இன்னது வரும் என்பது மட்டும்தான். கொடுத்தது அதுவேயானால் வருவதும் அதுவேதான், இன்றைக்கும் நாளைக்கும். "எப்பக் கேட்டாலும் ஒரே பதிலும்மா. மனுசங்களாட்டம் மாத்திப் பேசாது" என்றாய். அதைச் சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியும். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்த மாதிரி ஒரு மொழியைப் படித்துக் கணக்கிட்டுச் சொல்லும் நிரலை அந்த ஒரு விடுமுறையிலேயே எழுதி முடித்தாய்.

அடுத்த விடுமுறையில்தான் நமக்குள் சண்டை. அந்த மொழியின் இலக்கணத்தையே நீட்ட வேண்டும் என்றாய். எழுதுகிறவன் தனக்கு வேண்டிய குறிகளைத் தானே உண்டாக்கிக்கொள்ளலாம். இருக்கும் கூட்டல் குறிக்கும் புதுப் பொருள்கள் தரலாம். இரண்டு பக்கமும் எண்கள் இருந்தால் எண்களைக் கூட்டும், வேறு ஏதாவது இருந்தால் அதற்கு ஏற்ற வேலையைச் செய்யும். எது எங்கே என்று இரு பக்கமும் இருப்பதைப் பார்த்து மொழியே முடிவுசெய்யும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டல் குறி சும்மா ஒரு சிலுவைக் கோடு இல்லை, அதற்குச் சில விதிகள் உண்டு, இடம் மாற்றினாலும் விடை மாறாத இடத்தில்தான் அதைப் போடுவது கணிதக்காரர்களின் வழக்கம் என்றேன். மூன்றும் ஐந்தும் எட்டு, ஐந்தும் மூன்றும் எட்டு. இந்தப் பரிமாற்று விதி இல்லாத இடத்தில் வேறு குறியைப் போட்டுக்கொள் என்றேன். வழக்கந்தானே அம்மா, சட்டமா என்றாய். இரண்டு நாள் நாம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பேசிக்கொண்டோம். உன் அப்பா நடுவில் உட்கார்ந்து ரசத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

உன் மாமாதான் அதைத் தீர்த்துவைத்தான். நோம்பித் திருவிழாவுக்கு என் பிறந்த ஊரான பள்ளிபாளையம் போயிருந்தோம். மாமாவின் விசைத்தறிக் கொட்டகையில் பெட்ஷீட் ஓடிக்கொண்டிருந்தது. பாவு ஓட்டும் செங்கோடன் கையில் ஒரு நீளத் தாளை வைத்துக்கொண்டு நூல் கண்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். துணியின் நீளவாக்கில் போகும் பாவு இழைகளில் எந்த நிறம் எத்தனை இழை, அதை அடுத்து எந்த நிறம் என்று மாமா ராத்திரி பகலாக உட்கார்ந்து கையால் எழுதிய பட்டியல் அது. நீ அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு கரித்துண்டால் சுவரில் எழுதினாய். சிவப்பு நாற்பது, கூட்டல் குறி, மஞ்சள் பன்னிரண்டு. இது இடப்பக்கக் கரை. மஞ்சள் பன்னிரண்டு, கூட்டல் குறி, சிவப்பு நாற்பது. இது வலப்பக்கக் கரை. இரண்டு பட்டைகளுக்கு நடுவே கூட்டல் வந்தால் ஒன்றை அடுத்து இன்னொன்றை வை என்று பொருள். மாமா சுவரைப் படித்துவிட்டு இதற்கு என்ன பேர் என்றான். பழைய குறிமேல் புதுப் பொருளை ஏற்றுவது, ஓவர்லோடிங் என்பார்கள் என்றாய்.

"ஓவர்லோடுன்னா சங்ககிரி செக்போஸ்ட்டுலயே புடிச்சுப் போடுவானுங்களே சாமி" என்றான் மாமா.

செங்கோடன் சிரித்ததில் கண்டு ஒன்று உருண்டு ஓடியது. நீ விடவில்லை. "ஏனுங்க மாமா, நீங்க சாமீன்னு கூப்பிட்டாக் கோயில்ல இருக்கற ஆத்தாவும் திரும்பிப் பாக்குது, நானும் பாக்கறேன். குழப்பமா இருக்குதுங்களா? யாரு எதுத்தாப்புல நிக்கறாங்கன்னு பாத்துத்தான புரிஞ்சுக்கறோம்?" என்றாய். மாமா என்னைப் பார்த்து, "அக்கா, உங்க பையன் வக்கீலுக்குப் படிச்சிருக்கோணும்" என்றான். சுவரில் அந்த இரண்டு கூட்டல் குறிகளும் எனக்கு அழகாகத் தெரிந்தன. தோற்றுப்போனேன் என்று உன்னிடம் சொல்லவில்லை. கல்லூரி அறைச் சாவியை மட்டும் மறுநாள் உன் மேசைமேல் வைத்தேன்.

அப்புறம் வந்த மாதங்கள்தான் என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த காலம் என்று சொன்னால் நம்புவாயா? நீ விடுதிக்குத் திரும்பிவிட்டாய். மாமாவுக்கு வேண்டிய பட்டியல்களை உன் மொழியில் நான் எழுதி அச்சடித்து, சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் பள்ளிபாளையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். பாதி வழியில் கண் சொக்கும். ஜன்னலில் ஓடுவதெல்லாம் பட்டைகளாகத் தெரியும். மரவள்ளிக்காடு, கூட்டல், சோளக்காடு, கூட்டல், ஒரு வரிசைப் பனை, கூட்டல், வரிசையாக நிற்கும் லாரிகள், அவற்றுக்குப் பின்னால் சங்ககிரி மலை. இந்தச் சமவெளியையே யாரோ பாவு ஓட்டி விரித்திருக்கிறார்கள் என்று தோன்றும். திரும்பி வரும்போது எல்லாம் எதிர்வரிசையில் வரும். மலை முதலில், மரவள்ளி கடைசியில். வாரா வாரம் இதைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

மாமாவுக்கு ஒரு பெரிய ஆர்டர் கிடைத்தது. அகலமான இரட்டைப் படுக்கை விரிப்புகள். உடலில் பல நிறக் கோடுகள், இரண்டு பக்கமும் கரை. உன் நிரலில் போட்டால் கணிப்பொறியின் நினைவகம் போதாமல் பாதியில் நின்றுவிடும். உனக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். பரீட்சை நேரம், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், நானே செய்து காட்ட வேண்டும் என்ற ஆசை. நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு ஆசை வருவதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. உன் நிரலைத் திறந்து நான்கு வரிகள் சேர்த்தேன். ஒரு கூட்டலைக் கணக்கிட்டதும் அதை ஒரு ஏட்டில் குறித்துவை. அதே கூட்டல் மறுபடி வந்தால் புதிதாகச் செய்யாமல் ஏட்டிலிருந்தே எடுத்துக்கொடு. எப்போது கேட்டாலும் ஒரே பதில் வரும் மொழியில் இது தவறாகவே போகாது. இங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையில்லை. இன்னும் கொஞ்சம் இடம் மிச்சப்படுத்தலாமே என்று கடைசி வரியில் ஒன்று சேர்த்தேன். ஏட்டில் இல்லாவிட்டால், இடம் மாற்றிப்போட்ட கூட்டல் இருக்கிறதா என்று பார். இருந்தால் அதையே கொடு.

பரிமாற்று விதி. எதைச் சொல்லி உன்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேனோ அது. பட்டைகளுக்கு அது பொருந்தாது என்று எனக்குத் தெரியும். வருடா வருடம் அணிகளின் பெருக்கலில் இடம் மாற்றாதீர்கள் என்று கரும்பலகையில் அடிக்கோடு போட்டு எழுதுகிறவள் நான். ஆனால் அங்கே இருந்தது கூட்டல் குறி. நாற்பது வருடம் அந்தக் குறியோடு என் கை பழகியிருந்தது. குறிக்கு நீ புதுப் பொருள் தந்தாய், என் அறிவு அதை ஏற்றுக்கொண்டது. கை மட்டும் பழைய விதியோடு சேர்த்தே அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. நினைவகம் போதுமானதாயிற்று. பட்டியல் தடையில்லாமல் அச்சாகி வந்தது. ஓரங்களில் துளை போட்ட பிரின்டர் காகிதம் மடிப்பு மடிப்பாகத் தரையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு அந்தக் குளிர்ந்த அறையில் நின்றது ஒரு கனவு போல நினைவிருக்கிறது.

வலப்பக்கக் கரைக்கு முறை வந்தபோது, மஞ்சளும் சிவப்பும் என்று நிரல் கேட்டது. ஏட்டில் அது இல்லை. சிவப்பும் மஞ்சளும் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தது. இரண்டு கரைகளிலும் சிவப்பு இடப்பக்கம், மஞ்சள் வலப்பக்கம். ஓரத்துக்கு ஓரம் சிவப்பு வர வேண்டிய துணியில் ஒரு ஓரம் மஞ்சளாகிவிட்டது. தறியில் ஓடும்போது நெய்தவர்கள் கண்ணில் படவில்லை. மடிக்கிற மேசையில் இரண்டாக மடித்தபோதுதான் கரைமேல் கரை உட்காரவில்லை. அதற்குள் நிறையத் துணி இறங்கிவிட்டது.

நீ பரீட்சை முடித்து வந்திருந்தாய். மாமா ஆள் அனுப்பினான், இருவரும் போனோம். கொட்டகையில் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். விரிப்பை மாமா நம் முன்னால் விரித்து மடித்துக் காட்டினான். பார்த்த அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ குனிந்து கரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாய். மாமா செங்கோடனிடம், பாவு ஓட்டும்போதே தெரியலையா என்று கேட்டான். "தெரிஞ்சுதுங்க. கம்ப்யூட்டரே சொல்லுதுன்னா புது மோஸ்தராட்டம் இருக்குதுன்னு உட்டுப்போட்டனுங்க" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை.

"செங்கோடன் ரெண்டாவதுக்கு மேல படிச்சதில்லை. இத்தனை வருசத்துல ஒரு கரை திரும்பினதில்லை, சாமி. படிச்சது காயிதத்துக்குத்தானா?" என்றான் மாமா உன்னிடம்.

"என் தப்புத்தானுங்க மாமா" என்றாய் நீ. எதைச் செய்தோம் என்று தெரியாமலேயே சொன்னாய்.

மாமா என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்க இந்த லிஸ்டைப் பாத்தீங்களா?"

"பையன் பண்ணுனது. நான் உள்ளே போய்ப் பாக்கலை" என்றேன்.

இதுதான் நான் செய்தது. அந்தக் கடைசி வரியில் நான் சேர்த்தது ஒரு பிழை. பிழை யாருக்கும் வரும். கொட்டகையில் நான் சொன்னது பிழையில்லை. ஏன் சொன்னேன் என்று மூன்று வருடமாக யோசித்திருக்கிறேன். நானும் மாமாவும் படித்துக்கொண்டிருந்தபோது தறியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டியிருந்தது. அவன் பத்தாவதோடு நின்றான். நான் சென்னைக்குப் போய் எம்.எஸ்ஸி. படித்தேன். அவன் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், எங்கக்கா போட்ட கணக்கில் தப்பே வராது என்று சொல்லிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அந்த முகத்துக்கு முன்னால், அந்தத் துணிக்கு முன்னால், தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உனக்கு இருபத்தொரு வயது. சின்னப் பையன் தப்பு செய்தால் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். எல்லோரும் மறந்தார்கள். நீ மறக்க மாட்டாய் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாள் காலையில் உனக்கு முன்னால் கல்லூரிக்குப் போய் அந்த நான்கு வரிகளையும் எடுத்துவிட்டேன். நீ வந்து உட்கார்ந்தாய். பெரிய பட்டியல் நினைவகம் போதாமல் நின்றது. கரைகளை மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்தாய். சரியாக வந்தது. மறுபடி போட்டாய், மறுபடியும் சரியாகவே வந்தது. பெரிய பட்டியல் அன்றைக்கு எப்படி முழுவதும் ஓடியது என்று என்னைக் கேட்டாய். துண்டு துண்டாக ஓட்டிச் சேர்த்தேன் என்றேன். அதுவும் பொய். மூன்று நாள் தேடினாய். நான் பிளாஸ்கில் காபி கொண்டுவந்து உன் பக்கத்தில் வைத்துவிட்டு, பரீட்சைத் தாள் திருத்துவது போல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் திரையை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே சொன்னாய். "அதே கேள்விக்கு அன்னைக்கு வேற பதில் வந்திருக்குதும்மா. அப்படின்னா நான் எதை நம்பி இதைக் கட்டுனனோ அதுவே இல்லைன்னு ஆகுது." நான் பேனாவை மூடினேன். வீட்டுக்குப் போகலாம் என்றேன். அந்த வருடமே நீ பேங்க் வேலைக்கு எழுதிப் போட்டாய்.

அன்று உன் மொழி மாற்றிப் பேசவில்லை. மாற்றிப் பேசியது நான்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையம் போனேன். உனக்கு எழுதும் முன்னால் மாமாவிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தையும் மடித்து உள்ளே வைத்துவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கொட்டகை வாசலில், தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னேன். அவனுக்குப் பாதிதான் கேட்டது. உள்ளே போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, மறுபடி சொல்லுங்க என்றான். அத்தனை பேரும் தறியை விட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"நீங்க பண்ணுனதுன்னு சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு நெனச்சீங்கக்கா?"

நான் உள்ளே தெரிந்த மடிக்கிற மேசையைப் பார்த்தேன்.

"ஒண்ணுஞ் சொல்லியிருக்க மாட்டனே. நான் கையில எழுதறப்ப எத்தனை கரையத் திருப்பியிருப்பேன், செங்கோடந்தான் சொல்லாமக் கொள்ளாமச் சரி பண்ணி ஓட்டிப்போடுவான். இத்தனை பேரு முன்னால அந்தப் பையனப் பேசிப்போட்டனே" என்றான். செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வான் என்று நின்றேன். "சாமிக்கு எழுதிப் போட்டுட்டு வாங்க. அப்பறமாச் சோறு போடறேன்" என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட உள்ளே போய்விட்டான். பாலத்தைக் கடக்கும் சனத்தையும் கீழே காவிரி அசையாதது போல் அசைவதையும் பார்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். பசித்தது. வெகுநாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் அது உண்மையில்லை. வெட்கமாக இருந்தது.

உன் துறையைப் பற்றி நான் உனக்குச் சொல்லத் தகுந்தவள் இல்லை. ஆனாலும் அந்தத் தப்பைச் செய்தவள் என்ற முறையில் ஒன்று தெரியும். பழைய குறிக்குப் புதுப் பொருள் தரும்போது, அதைப் பயன்படுத்த வருகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த பழைய விதிகளையும் கூடவே எடுத்துக்கொண்டு வருவார்கள். கெட்ட எண்ணத்தால் இல்லை, பழக்கத்தால். அதனால் உன் மொழியில் ஒருவன் கூட்டலுக்குப் புதிதாக ஒரு பொருளைச் சொன்னால், அங்கே எந்த விதி செல்லும், எது செல்லாது என்பதையும் அவனே எழுதித் தர ஒரு இடம் வை. என்னைப் போன்ற ஒருத்தி கைப்பழக்கத்தில் எதையாவது சேர்க்க வந்தால், மொழியே தடுத்து நிறுத்தட்டும். இது செய்யக்கூடியதா, யாராவது ஏற்கெனவே செய்துவிட்டார்களா என்றெல்லாம் எனக்குத் தெரியாது. பஸ்ஸில் யோசித்தது.

இதனோடு ஒரு தனித் தாளில் அந்த நான்கு வரிகளையும் எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்கு எழுதிய அதே வரிகள், ஒரு எழுத்தும் மாறாமல் நினைவிருக்கிறது. நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே. என் வார்த்தையை நம்பி ஒருமுறை கெட்டது போதும். கணிப்பொறி கிடைக்காவிட்டால் பென்சிலும் தாளும் போதும், இரண்டே இரண்டு பட்டைகளை வைத்துப் போட்டுப் பார். அந்த வரிகளோடு ஒருமுறை, அவை இல்லாமல் ஒருமுறை. கால் மணி நேரம்கூட ஆகாது.

உன் அப்பாவுக்கு நீ இங்கேயே இருந்தால் நல்லது. எனக்கும் ஒருவகையில் அப்படித்தான், வயது ஏறுகிறது. நீ போக விரும்பவில்லையென்றால் போகாதே, யாரும் உன்னைத் தள்ளவில்லை. ஆனால் அதற்குக் காரணம் வேறு ஏதாவது இருக்க வேண்டும். பள்ளிபாளையத்தை இனிமேல் நீ காரணமாக எழுத முடியாது.

என்மேல் உனக்கு வரும் கோபத்துக்கு அவசரமில்லை. நான் இங்கேயேதான் இருப்பேன். மாதக் கடைசிக்குப் பதினோரு நாள் இருக்கிறது, வெளிநாட்டுத் தபால் போய்ச் சேர ஒரு வாரமாவது ஆகும். எனக்கு அப்புறம் எழுதிக்கொள்ளலாம். முதலில் அவர்களுக்கு எழுது.

அம்மா